எந்த மீனுக்கு எவ்வளவு கடல்? பவளப்பாறையில் தடைப்பகுதியைப் பிரிக்க நான்கு வழிகள்

ஒரு கரையில் 16 கிலோமீட்டர் நீளத்துக்குப் பவளப்பாறை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கரையின் ஊர்கள் கூடிப் பேசி, அதில் கால் பங்கை, அதாவது 4 கிலோமீட்டரை, மீன்பிடிக்காமல் விடச் சம்மதித்துவிட்டன. அடுத்த கேள்வி, அந்த 4 கிலோமீட்டர் எது என்பது. ஒரே துண்டாக விடுவதா? ஆளுக்குக் கொஞ்சமாகப் பத்துச் சிறு துண்டுகளாக விடுவதா? இரண்டு நடுத்தரத் துண்டுகளா? இல்லை, இடத்தை மூடவே வேண்டாம், மீன்கள் முட்டையிட ஒன்றுகூடும் நாட்களை மட்டும் மூடினால் போதுமா?

பாப்புவா நியூகினியின் மானுஸ் தீவில் இது வெறும் கணக்குக்காகக் கேட்கும் கேள்வி கிடையாது. அங்கே ஒவ்வொரு சமூகத்துக்கும் தன் பாறை, தன் கடல் என்று வழிவழியாக வந்த உரிமை உண்டு. யார் எங்கே தூண்டில் போடலாம், எதை எப்போது மூடலாம் என்பதை அந்தந்தச் சமூகமே முடிவு செய்கிறது. ஆனால் ஒரு சமூகத்தின் கடல் பெரும்பாலும் சில கிலோமீட்டர்தான். அதில் பாதியை மூடினால் சாப்பாட்டுக்கே திண்டாட்டம். மூடுவது கொஞ்சம்தான் என்றால், அந்தக் கொஞ்சம் சரியான இடத்தில், சரியான அளவில் இருக்கவேண்டும். உலகத்தின் பல இடங்களில் தடைப்பகுதிகள் நிர்வாக வசதியைப் பார்த்தோ, யாரும் எதிர்க்காத ஒரு மூலையைப் பார்த்தோ வரையப்பட்டிருக்கின்றன. அந்தக் கோடுகளுக்குள் மீன் தங்குமா என்று யாரும் கேட்கவில்லை. இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு கேள்வியைத்தான் பிடித்துக்கொண்டு போகப்போகிறேன்.

மீன் எப்படியெல்லாம் நகர்கிறது

பவளப்பாறையில் வாழும் மீனுக்கு முதலில் தினப்படி நடமாட்டம் இருக்கிறது: எங்கே ஒதுங்குகிறது, எங்கே மேய்கிறது, இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பது. அடுத்தது முட்டையிடும் காலத்துப் பயணம். வருடத்தின் பெரும்பகுதியைத் தனியாக ஒரு பாறையில் கழிக்கும் களவா, குறிப்பிட்ட மாதங்களில், நிலவின் குறிப்பிட்ட நாட்களில், பல கிலோமீட்டர் தாண்டிப் போய் ஒரே இடத்தில் நூற்றுக்கணக்கில், சில இடங்களில் ஆயிரக்கணக்கில் கூடும். மூன்றாவது, முட்டையிலிருந்து வந்த இளம்புழு நீரோட்டத்தில் மிதந்து போய் ஏதோ ஒரு பாறையில் அடையும் பயணம். இவற்றோடு, சில இனங்களின் குஞ்சுகள் அலையாத்திக் காட்டிலும் கடற்புல்லிலும் வளர்ந்து, பெரிதான பிறகே பாறைக்கு வருகின்றன. பெலீஸ் நாட்டுக் கரையில் 2004இல் வெளியான ஓர் ஆய்வில், அலையாத்தி அடர்ந்திருந்த பகுதிகளின் பாறைகளில் சில மீன் இனங்களின் மொத்த எடை இரண்டு மடங்குக்கும் மேலாக இருந்தது தெரிந்தது. பாறையை மட்டும் மூடிவிட்டு அலையாத்தியை வெட்டக் கொடுத்தால் என்ன ஆகும் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

இவற்றை அளக்க இன்று நல்ல வழிகள் இருக்கின்றன. மீனின் வயிற்றுக்குள் ஒலி எழுப்பும் சிறு கருவியை வைத்துத் தைத்து விடுகிறார்கள். கடலடியில் ஆங்காங்கே நிறுத்திய கேட்புக் கருவிகள் அந்த மீன் எப்போது அருகே வந்தது, எப்போது போனது என்பதைப் பதிவு செய்கின்றன. இளம்புழுக்களுக்கு மரபணுச் சோதனை: ஓரிடத்துத் தாய் தந்தை மீன்களின் மரபணுவையும் சுற்றுப்பாறைகளில் பிடித்த குஞ்சுகளின் மரபணுவையும் ஒப்பிட்டு, எந்தக் குஞ்சு யாருடையது என்று கண்டுபிடிக்கிறார்கள்.

இப்படிச் சேர்ந்த ஆய்வுகளையெல்லாம் கடல் ஆய்வாளர் அலிசன் கிரீனும் அவருடன் பணியாற்றியவர்களும் 2015இல் ஒன்றாகத் தொகுத்தார்கள். வண்ணத்துப்பூச்சி மீன் போன்றவை பெரும்பாலும் அரை கிலோமீட்டருக்குள்ளேயே வாழ்ந்து முடிக்கின்றன. சில கிளிமீன்களும் நவரை வகைகளும் அரை கிலோமீட்டரிலிருந்து 10 கிலோமீட்டர் வரை நடமாடுகின்றன. சில பாரைகளும் செப்பிலிகளும் பத்து, நூறு கிலோமீட்டர் கணக்கில் போகின்றன. சில சுறாக்களுக்கும் சூரைகளுக்கும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர். இளம்புழுக்கள் மட்டும் முன்பு நினைத்ததைவிட மிகக் குறைவாகவே பயணிக்கின்றன. பெரும்பாலும் 5 முதல் 15 கிலோமீட்டருக்குள். இதிலிருந்து அவர்கள் கொடுத்த விதிகள் எளிமையானவை. காப்பாற்ற நினைக்கும் மீனின் தினப்படி நடமாட்டத்தைப் போல எல்லாத் திசையிலும் இரண்டு மடங்குக்கும் மேல் தடைப்பகுதி இருக்கவேண்டும். ஒரு தடைப்பகுதிக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 15 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது. சிறியவை என்றால் இன்னும் நெருக்கமாக வேண்டும்.

மீனின் உருவத்தையும் வேகத்தையும் பார்த்து அதன் நடமாட்டத்தை ஊகிக்க முடியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஹவாய்த் தீவுகளின் கனேஓஹே விரிகுடாவில் நீலத்துடுப்புப் பாரைகளுக்கு அடையாளமிட்டு விட்டார்கள். பாரை வேகமாக நீந்தும் வேட்டை மீன். ஆனால் திரும்பப் பிடிபட்டவற்றில் முக்கால் பங்கு, விட்ட இடத்திலிருந்து அரை கிலோமீட்டருக்குள்ளேயே கிடைத்தன. அதே விரிகுடாவில் ஒரு நவரை வகை பகலெல்லாம் ஓரிடத்தில் கூட்டமாக நின்றுவிட்டு, இரவில் பக்கத்து மணல்திட்டுக்கு மேயப் போய், விடிந்ததும் திரும்பியது. பகலில் மூழ்கிப் பார்த்து எல்லை வரைகிறவருக்கு அந்த மணல்திட்டு கண்ணிலேயே படாது.

அதே 4 கிலோமீட்டர், நான்கு விதமான பலன்

இப்போது கணக்குக்கு வருவோம். கரையோரமாக நீளும் பாறை. மூடும் மொத்த நீளம் எப்போதும் 4 கிலோமீட்டர்தான். துண்டுகளின் அளவு மட்டும் மாறுகிறது.

தினமும் 1 கிலோமீட்டர் நீளத்துக்குள் நடமாடும் ஒரு மீனை எடுத்துக்கொள்ளுங்கள். 400 மீட்டர் வீதம் பத்துத் துண்டுகளாக மூடினால், முழுநேரமும் பாதுகாப்பில் இருக்கும் மீன் ஒன்றுகூடத் தேறாது. ஒவ்வொன்றும் தினம் ஒரு முறையாவது எல்லை தாண்டும். அங்கே வலை காத்திருக்கும். 2 கிலோமீட்டர் வீதம் இரண்டு துண்டுகள் என்றால், ஒவ்வொரு துண்டின் நடுவில் உள்ள 1 கிலோமீட்டரில் இருப்பிடம் கொண்ட மீன்கள் தப்பும்; ஆக, உள்ளே இருப்பவற்றில் பாதி. 4 கிலோமீட்டர் ஒரே துண்டாக இருந்தால் முக்கால் பங்கு தப்பும்.

நடமாட்டம் 200 மீட்டர்தான் என்றால் கதை வேறு. சிறு துண்டுகளிலேயே பாதி தப்பிவிடும். 2 கிலோமீட்டர் துண்டுகளில் 90 சதவீதம், ஒரே துண்டில் 95 சதவீதம். அதாவது நடுத்தரத்துக்கும் பெரியதற்கும் கிட்டத்தட்ட வித்தியாசமே இல்லை. நடமாட்டம் 3 கிலோமீட்டர் என்றால் பெரிய துண்டு மட்டுமே ஏதோ கால் பங்கைக் காப்பாற்றும். 5 கிலோமீட்டர் என்றால் எந்த ஏற்பாட்டிலும் பூஜ்யம்.

நிஜக் கடலில் மீன் நேர்கோட்டில் போவதில்லை, பாறை ஒரே சீராக இருப்பதில்லை. இருந்தாலும் இந்தக் கணக்கை ஊர்க்கூட்டத்தில் மணலில் கோடு போட்டே காட்டலாம். பேச்சு உடனே வேறு திசைக்குப் போகும். ‘எவ்வளவு மூடுவது’ என்பதிலிருந்து ‘எந்த மீனுக்காக மூடுகிறோம்’ என்பதற்கு.

சிறு துண்டுகள்

பிலிப்பைன்ஸ்தான் இதற்குத் தாய்வீடு. அங்கே ஊர்தோறும் சிறு சரணாலயங்கள். நீக்ரோஸ் தீவுக்கு அருகே உள்ள ஆப்போ ஒரு சின்னஞ்சிறு தீவு. 1982இல் ஊர் மக்களே அதன் பாறையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை மூடினார்கள். கடல் ஆய்வாளர்கள் ஏஞ்சல் அல்காலாவும் கேரி ரஸ்ஸும் அதை இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து பார்த்து எழுதினார்கள். உள்ளே மீன் பெருகியது. வெளியேயும் வழிந்தது. கத்திவால் மீன் குடும்பத்தில் மூக்குப் புடைத்த ஒரு வகை, எல்லைக்கு வெளியே 200, 250 மீட்டர் தூரத்துக்குள் அதிகமாகக் கிடைத்தது. அதைத் தாண்டினால் அந்தப் பெருக்கம் தெரியவில்லை. ஒரு சின்னத் துண்டு தரும் வழிசல் எத்தனை மீட்டர் நீளும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரிந்து இல்லை.

சிறு துண்டுகளுக்கு ஒரு பெரிய பலம் உண்டு: ஊரே காவல் காக்கும். கரையில் நின்றால் முழு எல்லையும் தெரியும். ஒரு குடும்பத்தின் பிழைப்பும் முற்றாக அடைபடாது. அதனால்தான் இவை உண்மையாகவே கடைப்பிடிக்கப்படுகின்றன. வரைபடத்தில் மட்டும் இருக்கும் ஆயிரம் சதுர கிலோமீட்டரைவிட இது மேல். ஆனால் இவை காப்பாற்றுவது குறைவாக நகரும் மீன்களை. சந்தையில் விலைபோகும் பெரிய களவாவும் செப்பிலியும் பெரும்பாலும் அந்தக் கூட்டத்தில் சேராது.

அதே பிலிப்பைன்ஸின் சுமிலான் தீவின் அனுபவம் வேறொரு விஷயத்தைக் காட்டுகிறது. 1974இல் அதன் பாறையில் கால் பங்கு மூடப்பட்டது. 1984இல் காவல் குலைந்து எல்லோரும் உள்ளே இறங்கினார்கள். மீன்பிடிக்கும் பரப்பு கூடியதால் மீன்பாடும் கூடியிருக்கவேண்டும் அல்லவா? சுமார் ஒன்றரை ஆண்டுக்குள் தீவின் மொத்த மீன்பாடு 54 சதவீதம் விழுந்தது. மூடியிருந்த கால் பங்குதான் மீதி முக்கால் பங்குக்கும் ஊட்டிக்கொண்டிருந்தது என்று அதற்குப் பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது. சில காலம் மூடி, விருந்துக்கோ பணத்தேவைக்கோ திறக்கும் சுழற்சி முறையைப் பற்றிப் பேசுகிறவர்கள் சுமிலானை நினைவில் வைக்கவேண்டும். மெதுவாக வளரும் மீன் பத்து வருடத்தில் சேர்த்ததை ஒரு சில மாதத்தில் எடுத்துவிட முடியும்.

ஒரே பெரிய துண்டு

ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் 2004 ஜூலையில் புது எல்லைகள் நடைமுறைக்கு வந்தன. மீன்பிடி அறவே கூடாத பகுதி 5 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தது, ஒரே அடியில் 33 சதவீதமானது. முடிந்த இடங்களிலெல்லாம் ஒரு தடைப்பகுதியின் மிகக் குறுகிய அகலமே 20 கிலோமீட்டராவது இருக்கவேண்டும் என்பது திட்டமிட்டவர்கள் வைத்துக்கொண்ட அளவுகோல்.

அதன் பலனுக்கு நல்ல சாட்சி அதே பவளத்திட்டின் கெப்பல் தீவுகளில் நடந்த மரபணு ஆய்வு. 2012இல் வெளியானது. அங்கே மூடிய பாறைகள் மொத்தத்தில் 28 சதவீதம்தான். ஆனால் ஆய்வு செய்த ஒரு களவா வகையிலும் ஒரு செப்பிலி வகையிலும், அந்த வட்டாரத்தில் வந்து சேரும் குஞ்சுகளில் ஏறத்தாழ பாதி மூடிய பாறைகளின் தாய் தந்தையருக்குப் பிறந்தவை. அவற்றில் பெரும்பகுதி போய்ச் சேர்ந்தது மீன்பிடிக்கும் பாறைகளில். பெரிய மீன் இடும் முட்டை சிறிய மீன் இடுவதைவிடப் பல மடங்கு அதிகம். மூடிய இடத்தில்தான் மீன் பெரிதாக வளர முடிகிறது. காரணம் அவ்வளவுதான். ஒரு குறிப்பு: கெப்பலில் இருந்தவை ஒரே ராட்சதத் துண்டு அல்ல, தீவுகளைச் சுற்றிச் சிதறிய பல துண்டுகள். பெரிய துண்டுக்கு ஆதரவாக இந்த ஆய்வை எடுத்துக்காட்டுகிறவர்கள் அதை விட்டுவிடுகிறார்கள்.

மானுஸ் போன்ற கரைக்கு 20 கிலோமீட்டர் என்பது பேசவே முடியாத அளவு. நம் கணக்கில் வரும் 4 கிலோமீட்டர் ஒரே துண்டுகூட, அநேகமாக ஒரே சமூகத்தின் கடலை முழுதாக விழுங்கிவிடும். அந்தச் சமூகம் பட்டினி கிடக்க, 10 கிலோமீட்டர் தள்ளி உள்ளவர்கள் பலனை அள்ளுவார்கள். எத்தனை நாள் தாங்கும்? ஒரு சூறாவளியோ, கடல் சூடாகிப் பவளம் வெளுத்துப்போகும் நோவோ அந்த ஒரே இடத்தைத் தாக்கினால் எல்லாச் சேமிப்பும் ஒரே நாளில் போய்விடும் என்ற அபாயமும் இருக்கிறது. மக்கள் குறைவான, கடல் நிறைந்த நாடுகளுக்கு இது நல்ல வழி. நெருக்கமான கரையோரத்துக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

நாட்களை மூடுவது

என் மனதுக்கு மிக நெருக்கமான பகுதி இது, ஏனென்றால் இங்கேதான் இழப்பும் மிக வேகம், மீட்பும் மிகத் தெளிவு.

கரீபியன் கடலின் நசாவ் களவா குளிர்காலத்துப் பௌர்ணமிகளை ஒட்டி முட்டையிட ஒன்றுகூடுகிறது. நூறு கிலோமீட்டருக்கும் மேல் பயணித்து வருவனவும் உண்டு. கேமன் தீவுகளில் லிட்டில் கேமனின் மேற்கு முனையில் அப்படி ஒரு பெரிய கூடலை மீனவர்கள் 2001இல் கண்டுபிடித்தார்கள். இரண்டே பருவங்களில் ஆயிரக்கணக்கான மீன்கள் போய்விட்டன. ஒரு தீவைச் சுற்றிய பாறைகளின் வளர்ந்த மீன்கள் மொத்தமும் ஒரே இடத்தில் நிற்கும்போது தூண்டில் போட்டால் வேறென்ன ஆகும்? 2003இல் அரசு கூடல் இடங்களை மூடியது. 2016இல் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை இந்த மீனையே தொடக்கூடாது என்றும், மற்ற மாதங்களில் அளவும் எண்ணிக்கையும் கட்டுப்பட்டது என்றும் சட்டம் இன்னும் இறுகியது. பதினைந்து ஆண்டுக் கண்காணிப்பில் லிட்டில் கேமனின் களவாக்கள் மும்மடங்குக்கும் மேல் பெருகின. அமெரிக்க வர்ஜின் தீவுகளின் செயின்ட் தாமஸ் அருகே செங்களவா கூடும் திட்டு ஒன்றை 1990இல் பருவகாலத்துக்கு மட்டும் மூடினார்கள், 1999இல் நிரந்தரமாக. அங்கும் மீனின் சராசரி நீளமும் எண்ணிக்கையும் தெளிவாக உயர்ந்தன.

நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடை இருப்பதை வாசகர்கள் அறிவார்கள். கூடல் மூடல் அதிலிருந்து வேறுபட்டது. அது ஒரு கடல் முழுவதற்குமான நாட்காட்டி; இது ஒரு இனம், ஒரு முனை, நிலவின் ஒரு கணக்கு. அந்தக் கணக்கும் இடத்துக்கு இடம் மாறும். சதுரவால் களவா, தீவு நாடான பலாவில் அமாவாசையை ஒட்டிக் கூடுகிறது, மைக்ரோனேசியாவின் பொன்பே தீவில் பௌர்ணமியை ஒட்டி. அதே இனம், அதே பசிபிக் கடல். வேறோர் ஊரின் நாட்காட்டியைப் பார்த்துத் தேதி குறித்தால், மீன் இல்லாத நாளில் கடல் மூடியிருக்கும், மீன் கூடிய நாளில் திறந்திருக்கும். சரியான நாளைச் சொல்லக்கூடியவர்கள் அந்தக் கரையின் மூத்த மீனவர்கள். பலாவில் 1970களில் ராபர்ட் யோஹான்னஸ் என்ற கடலியல் அறிஞர் உள்ளூர் மீனவர்களிடம் உட்கார்ந்து கேட்டுத்தான், எத்தனையோ இனங்கள் நிலவோடு ஒட்டி முட்டையிடுவதை அறிவியல் உலகத்துக்கு எடுத்துச் சொன்னார். பலா அரசு 1994இல் ஏப்ரல் முதல் ஜூலை வரை களவாக்களைப் பிடிப்பதையும் விற்பதையும் தடை செய்தது. விற்பனையைத் தடுப்பது மிகப் புத்திசாலித்தனமான வழி: நள்ளிரவில் கடலில் காவல் காப்பதைவிடக் காலையில் சந்தையில் பார்ப்பது எளிது.

இந்த வழியின் குறை என்ன? மூடும் நாட்கள் முடிந்ததும் மீன் வீட்டுக்குத் திரும்பும். அங்கே மீதி வருடம் முழுக்கத் தூண்டில் இருக்கும். இன்னொன்று, வழி. பொன்பேயில் அடையாளமிட்ட களவாக்கள் கூடலுக்குப் பொதுவான பாதைகளில் வந்து போவது தெரிந்தது. முட்டையிடும் இடத்தை மட்டும் சுற்றிக் கோடு போட்டால் அந்தப் பாதைகள் வெளியே நின்றுவிடுகின்றன. பாதையை அறிந்தவர் கோட்டுக்கு வெளியே வலையை விரித்துக் காத்திருந்தால் போதும்.

நடுத்தரத் துண்டுகளின் சங்கிலி

இதற்கு இரண்டு ஆய்வுகள் அடித்தளம். இரண்டும் பாப்புவா நியூகினியில் நடந்தவை.

முதலாவது கிம்பே விரிகுடாவின் ஒரு குட்டித் தீவு. அங்கே கோமாளி மீனின் தாய்களுக்கும் ஒரு வண்ணத்துப்பூச்சி மீனின் தாய்களுக்கும் பேரியம் என்ற தனிமத்தின் அரிய வகையைச் சிறிதளவு ஊசி மூலம் செலுத்தினார்கள். அது முட்டை வழியாகக் குஞ்சின் காதுக்கல்லில் தடம் விடும். பிறகு அதே தீவுக்கு வந்து அடைந்த குஞ்சுகளைச் சோதித்தார்கள். இரண்டு இனத்திலும் ஏறத்தாழ 60 சதவீதம் அங்கேயே பிறந்தவை. கோமாளி மீன் இளம்புழு பத்துப் பன்னிரண்டு நாள்தான் மிதக்கும், சரி. வண்ணத்துப்பூச்சி மீன் ஒரு மாதத்துக்கும் மேல் திறந்த கடலில் இருந்துவிட்டுத் தன் அரை கிலோமீட்டர் தீவுக்கே திரும்பியிருந்தது. 2007இல் இது வெளியானபோது, ‘இளம்புழு எங்கேயோ போகும், எங்கே மூடினாலும் ஒன்றுதான்’ என்ற பழைய வாதம் ஆட்டம் கண்டது.

இரண்டாவது மானுஸ். 2013இல் வெளியானது. ஒரே ஒரு கூடலில் 416 சதுரவால் களவாக்களின் மரபணு மாதிரியை எடுத்தார்கள். சுற்றிலும் ஐந்து சமூகங்களின் பாறைகளில் 782 குஞ்சுகளைச் சேகரித்தார்கள்; உள்ளூர் மீனவர்களே சேர்ந்து செய்த வேலை. 76 குஞ்சுகளுக்குப் பெற்றோர் அந்தக் கூடலில் கிடைத்தார்கள். அதிலிருந்து கணித்தபோது, இளம்புழுக்களில் பாதி கூடலிலிருந்து 14 கிலோமீட்டருக்குள் அடைந்துவிடுகின்றன. கூடலைக் காத்த சமூகத்தின் கடலில் வந்து சேரும் குஞ்சுகளில் 17 முதல் 25 சதவீதம் அந்த ஒரே கூடலின் பிள்ளைகள். மற்ற நான்கு சமூகங்களுக்கும் 6 முதல் 17 சதவீதம் போகிறது.

இந்த எண்களை ஒரு மானுஸ் மீனவரின் இடத்திலிருந்து படித்துப் பாருங்கள். நான் மூடினால் பலனில் பெரிய பங்கு எனக்கு, என் பிள்ளைகள் வளர்வதற்குள்ளேயே. அதே சமயம் பக்கத்து ஊர் மூடுவதும் எனக்கு லாபம். ஆகவே அவர்களோடு பேசுவதில் அர்த்தம் இருக்கிறது. ‘நாங்கள் காத்தால் யாரோ சாப்பிடுவார்கள்’ என்ற நியாயமான சந்தேகத்துக்கு இதைவிட நேர்மையான பதில் கிடையாது. துண்டுகளுக்கு நடுவே 15 கிலோமீட்டருக்குள் இடைவெளி என்ற விதி எங்கிருந்து வருகிறது என்பதும் இங்கே புரியும்: ஒரு துண்டின் பிள்ளைகள் அடுத்த துண்டுவரை போய்ச்சேரும் தூரம் அது.

நான் எதைத் தேர்ந்தெடுப்பேன்

அந்த 16 கிலோமீட்டர் கரைக்கு: 2 கிலோமீட்டர் வீதம் இரண்டு துண்டுகள், ஒன்று களவாக்கள் கூடும் முனையை உள்ளடக்கி. அதோடு, கரை முழுக்க எல்லா ஊருக்கும் பொருந்தும்படி, கூடும் மாதங்களில் அந்தக் களவாவை விற்கத் தடை. இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் கூடலை மூடுவதை முதலில் செய்வேன். அதற்குச் செலவு குறைவு, கூடல் ஒருமுறை அழிந்தால் திரும்பி வருவதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

ஏன் 2 கிலோமீட்டர்? மேலே போட்ட கணக்கில், சிறிதாக நகரும் மீன்களுக்கு அது ஏறத்தாழ முழுப் பாதுகாப்பு. 1 கிலோமீட்டர் மீன்களுக்குப் பாதி. 4 கிலோமீட்டராக்கினால் கிடைக்கும் கூடுதல் பலன், ஒரே ஊர் முழுச் சுமையையும் தூக்குவதால் வரும் உடைசலுக்கு ஈடாகாது என்பது என் மதிப்பீடு. காவல் குலைந்த நல்ல திட்டத்தைவிட நிற்கிற நடுத்தரத் திட்டம் மேல். சுமிலானைப் பார்த்த பிறகு இதில் எனக்குத் தயக்கம் இல்லை.

கோட்டை எங்கே நிறுத்துவது என்பதில் பலரும் கவனக்குறைவாக இருக்கிறார்கள். பாறை இடைவிடாமல் தொடரும் இடத்தில் எல்லை போட்டால் மீனுக்கு அது தெரியாது, தாராளமாகக் கடந்து போகும். அகலமான மணல்வெளியோ ஆழமான கால்வாயோ குறுக்கிடும் இடத்தில் போட்டால், பல இனங்கள் மறைவிடம் இல்லாத அந்தத் திறந்தவெளியைக் கடக்கத் தயங்கும். பார்படோஸில் செய்த அடையாளமிடும் ஆய்வில், மணலால் பிரிந்த பாறைகளுக்கு நடுவே மிகச் சில மீன்களே கடந்து போயின. அப்படியென்றால் ஒரு தேர்வு வருகிறது: மீனைப் பெருக்க வேண்டும் என்றால் எல்லை மணலில் முடியட்டும். வெளியே வழிந்து சீக்கிரம் வலைக்கு வரவேண்டும் என்றால் ஒரு பக்கமாவது தொடர்பாறையில் முடியட்டும். நான் ஒரு முனையை மணலிலும் மறுமுனையை, ஊரார் தூண்டில் போடும் பக்கமாக, பாறையிலும் வைப்பேன். மூடியதற்குப் பலன் கண்ணுக்குத் தெரியும் இடம் அதுதான். அது தெரியாவிட்டால் நாலாம் வருடம் கூட்டத்தில் யாரும் ஆதரவாகப் பேச மாட்டார்கள். கரையிலிருந்து கடல்பக்கமாகவும் கோடு நீளவேண்டும்: அலையாத்தி, கடற்புல், பாறை, பாறைக்கு வெளியே சரிவு, எல்லாம் ஒரே துண்டுக்குள் வந்தால் நல்லது.

தொலைதூரம் போகும் பாரைகளுக்கும் சுறாக்களுக்கும் இந்தத் திட்டத்தில் எதுவும் இல்லை என்பதை ஒளிக்கக் கூடாது. அவற்றுக்கு அளவுக் கட்டுப்பாடு, வலைக்கண் கட்டுப்பாடு, நாடுகளுக்கிடையே ஒப்பந்தம் என்று வேறு வழிகள்தான். தடைப்பகுதி எல்லாவற்றையும் காப்பாற்றும் என்று வாக்களித்துவிட்டுப் பிறகு முழிப்பதைவிட, முதல் கூட்டத்திலேயே இதைச் சொல்லிவிடுவது மரியாதை.

மன்னார் வளைகுடாவுக்கு இதை எப்படிப் பொருத்துவது என்று சிலருக்குத் தோன்றும். அங்கே 1986 முதல் 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்காவாக இருக்கிறது. எல்லை தீவுகளைப் பார்த்து வரையப்பட்டது. அதற்குள் எந்த ஓரா, எந்த விளைமீன், எந்தக் களவா எத்தனை தூரம் நடமாடுகிறது, எங்கே கூடுகிறது என்ற கேள்வியைத் தீவு தீவாகக் கேட்டுப் பார்ப்பது அவசியம். பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை தூண்டிலும் கூடும் போடுகிறவர்களிடம் அதற்கான பாதி விடை ஏற்கனவே இருக்கும்.

என் தேர்வு எப்போது மாறும் என்பதையும் சொல்லவேண்டும். ஊரின் மீன்பாட்டில் பெரும்பகுதி தினமும் பல நூறு மீட்டருக்குள் மேயும் சிறு மீன்கள்தான், பெரிய களவாவை யாரும் தேடுவதில்லை என்றால், 2 கிலோமீட்டர் தேவையே இல்லை. 800 மீட்டர் வீதம் ஐந்து துண்டுகள் வைத்து ஐந்து ஊருக்கும் பகிர்ந்து கொடுத்துவிடலாம். கூடல் நடக்கும் முனை பக்கத்துச் சமூகத்தின் கடலில் இருந்தால், என் கடலில் எதையும் மூடுவதற்கு முன்னால் அந்தச் சமூகத்தோடு பேசி, அவர்கள் மூடும் மாதங்களில் இழக்கும் மீன்பாட்டுக்கு ஈடாக என் பாறையில் அவர்களுக்குத் தூண்டில் உரிமை கொடுப்பேன்.